கொல்லிமலையை நியூட்டரில் இறங்கியவர்

தை 3, சனி

இந்த டைரி என் மகன் அர்த்தநாரியின் முட்டைக் கடையில் சும்மா கிடந்தது. கோழித் தீவனக் கம்பெனிக்காரன் கொடுத்தது. அட்டையில் ஒரு சேவல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. பேத்தி தாரணி இதை என் மடியில் போட்டாள்.

"அப்பத்தா, எங்கூட மலைக்கு வர்றதுன்னா சும்மா உக்காந்துக்கிட்டு வரக் கூடாது. தினமும் எத்தன மூட்ட அரைச்சோம், வண்டி எவ்வளவு தூரம் ஓடுச்சுன்னு எழுதிரு. அது போதும்."

அது போதுமாம். அஞ்சாம் வகுப்பில் கட்டுரைக்கு முதல் மார்க் வாங்கியவள் நான். ஆறாம் வகுப்புக்கு அனுப்பாமல் எருமை மேய்க்க அனுப்பியது என் அப்பனின் குற்றம், என் மூளையின் குற்றம் இல்லை. பேனாவைக் கையில் கொடுத்துவிட்டு மூட்டைக் கணக்கோடு நில் என்றால் நான் நிற்பேனா?

என்ன வேலை என்பதையும் எழுதிவிடுகிறேன். தாரணி பழைய டீசல் பிகப் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறாள். அதன் பின்னால் இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்றைக் கொக்கியில் மாட்டி, ட்ரெய்லரின் மேல் சாமை உமி நீக்கும் மெஷினை ஏற்றியிருக்கிறாள். கொல்லிமலைப் பெண்கள் சங்கம் இவளை ஊர் ஊராக வந்து அரைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. இந்த ஒரு நடை பத்திரமாக ஏறி, பத்திரமாக இறங்கினால் வருஷா வருஷம் இவளுக்குத்தான் வேலை. வழியில் உருண்டால் மெஷினும் போச்சு, பிகப்பும் போச்சு, கல்யாணம் வேண்டாம் என்பதற்கு அவள் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரே காரணமும் போச்சு.

தை 4, ஞாயிறு

தை அமாவாசை. அவருக்குப் படைத்தேன். வடை, பாயசம், அவருக்குப் பிடித்த கத்தரிக்காய் வறுவல். காக்கா வர நேரமானது. வந்ததும் வறுவலைத்தான் முதலில் எடுத்தது. அவர்தான், சந்தேகமே இல்லை.

அவரைப் பற்றித் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் லாரித் தொழிலில் இருக்க முடியாது. அந்தக் காலத்தில் ஓனர் மாதாமாதம் எல்லா டிரைவருக்கும் டீசல் அளந்து பார்ப்பார். யார் அதிகம் மிச்சம் பிடித்தாரோ அவருக்குப் பரிசு. எங்கள் வீட்டு அண்டா, சுவர்க் கடிகாரம், இரண்டு பிளாஸ்க், எல்லாம் அப்படி வந்தவை. கொல்லிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லோடோடு இறங்கும்போது உச்சியிலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு, கியரை எடுத்து நியூட்டரில் போட்டு, எழுபது வளைவையும் ஒரு சொட்டு டீசல் இல்லாமல் இறங்குவார். காற்று மாதிரி வருவார் என்பார்கள்.

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் பதினெட்டாம் வளைவில் பிரேக் பிடிக்காமல் போனார். சேந்தமங்கலம் ரோட்டுப் பட்டறைக்காரன் மாரப்பன் பிரேக்கைச் சரியாகப் பார்க்காமல் விட்டதுதான் காரணம். இதை நான் அன்றைக்கே ஊரறியச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு லாரிக்காரனும் அந்தப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோகவில்லை.

தை 5, திங்கள்

இன்று முழுக்க ட்ரெய்லருக்குச் சீமந்தம் நடந்தது. வேறு என்ன சொல்வது?

காலையில் எடை மேடைக்கு ஓட்டிப் போனாள். ட்ரெய்லரைக் கழற்றித் தனியாக நிறுத்தாள். ஆயிரத்து எண்ணூறு கிலோ. பிறகு வீட்டுக்கு வந்து, கடையிலிருந்து தீவனம் நிறுக்கும் தராசைத் தூக்கி வந்து, ட்ரெய்லரின் மூக்குக் கம்பியை அதன் மேல் வைத்து மறுபடி நிறுத்தாள். மெஷினை ஒரு சாண் முன்னால் தள்ளினாள். மறுபடி நிறுத்தாள். பின்பக்கம் கனத்தால் ட்ரெய்லர் நாய் வால் மாதிரி ஆடி, இழுக்கிற வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடுமாம். மூக்கில் கொஞ்சம் பாரம் அதிகம் இருந்தால்தான் ஒழுங்காகப் பின்னால் வருமாம். எனக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு அளந்து பார்க்கவில்லை.

கொக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலியைக் குறுக்கே மாட்டினாள். கொக்கி கழன்றால் சங்கிலி பிடிக்குமாம். கழன்றுவிடும் என்று முடிவு கட்டிக்கொண்டு கிளம்புகிறவளை நான் இன்றுதான் பார்க்கிறேன்.

வண்டிக்குள்ளே டிரைவர் சீட்டுக்கும் நடு சீட்டுக்கும் இடையில் புதிதாக ஒரு கை லீவர் முளைத்திருந்தது.

"இது என்ன?"

"ட்ரெய்லருக்கு மட்டும் தனி பிரேக்கு அப்பத்தா. இத இழுத்தா பின்னாடி சக்கரம் மட்டும் புடிக்கும். ட்ரெய்லர் நம்மளத் தள்ளாது."

"மூக்கணாங்கயிறா? மாடு எங்கே? எந்தப் பட்டறையில செஞ்ச?"

"சேந்தமங்கலம் ரோட்டுல ஒரு பட்டற."

"மாரப்பன் பட்டறையா?"

"பேரெல்லாம் பாக்கல அப்பத்தா" என்று சொல்லிவிட்டு கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டாள். அந்தப் பட்டறையில் பெயர்ப் பலகை ஆள் உயரத்துக்கு இருக்கும்.

நான் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். இதுவரை அவள் செய்ததிலெல்லாம் உருப்படியான காரியம் அது ஒன்றுதான், அதையும் நான் செய்தேன்.

தை 6, செவ்வாய்

அர்த்தநாரியை மலைக்கு வருகிறாயா என்று கேட்டேன். கடையைப் பார்க்க ஆள் இல்லை என்றான். முட்டையெல்லாம் எழுந்து ஓடிவிடும் பாருங்கள். அப்பன் மலையையே மடக்கியவர், மகனுக்கு மொபெட்டைத் தாண்டி ஒரு வண்டி ஓட்டத் தெரியாது. லாரிக்காரன் வீட்டில் முட்டைக்காரன் பிறந்தான் என்று அவன் காதுபடவே சொன்னேன். அவன் எப்போதும் போல அட்டையில் முட்டையை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அம்மா, வண்டி விசயத்துல அவ சொல்றத மட்டும் கேளு. நீ ஒன்னும் சொல்லாத" என்றான். அவ்வளவுதான் அவன் வீரம்.

தை 7, புதன்

ஏறினோம். வீட்டிலிருந்து ஐம்பத்தேழு கிலோமீட்டர். அரைத்தது இல்லை.

காரவள்ளி அடிவாரத்தில் டயருக்குக் காற்று பார்த்தாள், தண்ணீர் பார்த்தாள், கொக்கியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு முதல் கியர், இரண்டாம் கியர், முதல் கியர். எருமை குளத்திலிருந்து எழுந்து வருகிற வேகம். பின்னால் பைக்கில் வந்தவர்கள் ஆரன் அடித்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் பிகப்பை வெளி ஓரத்துக்குக் கொண்டுபோய் அகலமாகத் திருப்பினாள். இல்லாவிட்டால் ட்ரெய்லர் உள்பக்கம் குறுக்கே வந்து சுவரை இடிக்குமாம். முப்பதாம் வளைவில் இன்ஜின் சூடு ஏறிவிட்டதென்று நிறுத்தினாள். அரை மணி நேரம். பேனட்டைத் திறந்து வைத்துவிட்டு எனக்கு ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றினாள்.

"உங்க தாத்தா இதே மலைய..."

"தெரியும் அப்பத்தா. ஏறும்போது எந்தக் கியரோ, எறங்கும்போதும் அதே கியர். எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

வழியெல்லாம் வளைவு எண்களைப் படித்துக்கொண்டே வந்தேன். பதினெட்டாம் வளைவில் கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம்.

தை 8, வியாழன்

பதினோரு மூட்டை.

சங்கத் தலைவி சின்னப்பொண்ணு என்னைவிட இருபது வயது சிறியவள், பேச்சில் என்னைவிட இருபது வயது பெரியவள். மெஷினைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தாள்.

"இத மலைக்கு ஏத்துனது இந்தப் பொண்ணா?"

"ஆமா" என்றேன். "ஆனா எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா..."

"இல்லல்ல? அப்ப இந்தப் பொண்ணப் பத்திப் பேசுவோம்" என்றாள்.

பிடிக்கவில்லை. ஆனால் அவள் வீட்டுச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் பிடித்தன.

தை 9, வெள்ளி

பதிமூன்று மூட்டை. குளிர். கம்பளிக்குள்ளிருந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மலையின் குற்றம்.

தை 11, ஞாயிறு

அடுத்த ஊருக்கு நகர்ந்தோம். ஆறு கிலோமீட்டர். ஒன்பது மூட்டை.

இந்த ஊரில் எனக்குச் சாமைக் களி கொடுத்தார்கள். உப்பு என்றால் உப்பு, கடல் தண்ணீரை வற்ற வைத்து அதில் களி கிண்டியது போல. சொல்லாமல் சாப்பிட வேண்டும் என்று தாரணி கண்ணைக் காட்டினாள். நான் சொல்லிவிட்டேன். கொடுத்தவள் முகம் சுருங்கிப்போனது. இரண்டாவது முறை உப்பே போடாமல் கொடுத்தாள். அதையும் சொன்னேன். மனசுக்கும் நாக்குக்கும் நடுவில் எனக்குச் சுவர் கிடையாது என்று அவர் அடிக்கடி சொல்லுவார், சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார்.

சாயங்காலம் டீக்கடையில் ஜீப் டிரைவர்கள் நாலு பேர். அவர் நியூட்டரில் இறங்கிய கதையைச் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒருவன் எனக்கு வடை வாங்கிக் கொடுத்தான். மலையில் வந்து முதல் முறையாக மரியாதை தெரிந்தவர்களைப் பார்த்தேன்.

தை 12, திங்கள்

பத்து மூட்டை. மூடுபனி. வேறு ஒன்றும் இல்லை.

தை 14, புதன்

மெஷின் பெல்ட் நழுவி தாரணியின் வலது மணிக்கட்டில் அடித்துவிட்டது. எலும்பு முறியவில்லை என்று செம்மேடு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கட்டுப் போட்டார்கள். பத்து நாள் கையை அசைக்கக் கூடாது. அழவில்லை. பெல்ட்டை மூடும் தகரத்தை மாட்டாமல் விட்டது தன் தவறு என்று மூன்று முறை சொன்னாள். இவ்வளவு அளந்து பார்ப்பவளுக்கு ஒரு தகரம் மறந்துபோனது. நான் சும்மா இருந்திருக்கலாம். "கொக்கிக்குச் சங்கிலி போட்ட, கைக்குப் போடலயா?" என்று கேட்டேன்.

மூட்டை நாலு.

தை 15, வியாழன்

தாரணி பத்து நாள் இங்கேயே தங்கிக் கை ஆறியபின் இறங்கலாம் என்றாள். சின்னப்பொண்ணும் தங்கச் சொன்னாள். பூசத்துக்கு நான் திருச்செங்கோட்டில் இருக்க வேண்டும். நாற்பது வருஷமாக ஒரு பூசம் தவறவிட்டதில்லை. ஆக்டிங் டிரைவர் ஒருவரைக் கூப்பிடலாம் என்றேன். அடுத்தவர் வண்டியை ஒரு நடைக்கு ஓட்டிக் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். நாமக்கல்லில் கூப்பிட்டால் நூறு பேர் வருவார்கள்.

"மலையில ட்ரெய்லர் இழுத்துப் பழகுனவரா இருக்கோணும் அப்பத்தா."

"நாமக்கல்லுல டிரைவருக்கா பஞ்சம்?"

மூன்று முறை கேட்டு, நான்காம் முறை ஒத்துக்கொண்டாள். என்னிடம் யார் நான்கு முறை தாங்குவார்கள்?

தை 16, வெள்ளி

ஆக்டிங் டிரைவர் வந்துவிட்டான். பெயர் ஞானசேகரன், நாற்பது வயது, முறுக்கிய மீசை. வந்ததும் என் காலைத் தொட்டான். தாரணி மூன்று வருஷ டிப்ளமோ காலத்தில் கற்றுக்கொள்ளாத ஒன்று அது.

"செங்கோடண்ணன் சம்சாரமுங்களா? எங்க மாமன் அவரப் பத்திச் சொல்லுவாருங்க. மலைய நியூட்டர்ல எறங்கின செங்கோடன்!"

ராத்திரிச் சாப்பாடு வரை அவனுக்கு எல்லாம் சொன்னேன். எந்த வளைவில் எப்படி மடக்குவார், எங்கே பிரேக்கில் கால் வைப்பார், எங்கே வைக்கமாட்டார். அவன் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனேன். தாரணி நடுவில் வந்து, "அண்ணா, நாளைக்கு முழுக்க ரெண்டாம் கியர்தான். பிரேக்க அழுத்தியே புடிக்கக் கூடாது. அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு. பத்து வளைவுக்கு ஒருக்கா நிறுத்தோணும்" என்றாள்.

"சரிங்க அம்மிணி" என்றான். என்ன பணிவு.

தை 17, சனி

இறங்கிவிட்டோம். மெஷின் பத்திரம். மூட்டை இல்லை.

தை 18, ஞாயிறு

பூசம். கோயிலுக்குப் போகவில்லை. கால் வலி.

தை 19, திங்கள்

தாரணி டைரியைப் புரட்டிப் பார்த்தாள்.

"களியில உப்பு இருந்ததுக்குப் பாதிப் பக்கம் எழுதியிருக்க. சனிக்கெழமைக்கு ஒரே வரியா?"

"நீ கேட்டது மூட்டையும் தூரமும்தானே?"

"அப்ப தூரமாவது எழுதியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு டைரியைத் திறந்தபடியே என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். ஒரு மணி நேரமாக அது அப்படியே கிடக்கிறது. எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். ஞானசேகரன் ஸ்டியரிங்கில், நான் நடுவில், தாரணி கட்டுப் போட்ட கையோடு ஜன்னல் ஓரம். எழுபதிலிருந்து அறுபது வரை இரண்டாம் கியரில்தான் வந்தான். இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது, வண்டி நடந்து வருவது போல வந்தது. தாரணி நிறுத்தச் சொல்லி இறங்கி, சக்கரத்துக்கு அருகே இடது கையை வைத்துச் சூடு பார்த்தாள். ஞானசேகரன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் சிரித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஐம்பதாம் வளைவு தாண்டியது. "பெரியம்மா, அண்ணன் எறங்கின மாதிரி கொஞ்சம் பாக்கலாங்களா?" என்றான்.

"வேண்டாங்ணா" என்றாள் தாரணி.

அவன் கேட்டது என்னிடம்.

"பாரேன்" என்றேன்.

கியர் கம்பியை என் முழங்காலுக்குப் பக்கத்தில் நடுவுக்குத் தள்ளினான். உறுமல் நின்றது. வண்டி வழுக்கியது. ஜன்னலில் காற்று. பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. ஒரு வளைவு, இரண்டு வளைவு. மூன்றாவதில் ட்ரெய்லர் பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளியது. ஞானசேகரன் பிரேக்கை அழுத்தினான், விடவில்லை, அழுத்திக்கொண்டே இருந்தான். அப்போது வாடை வந்தது. கருகிய ரப்பரும் சுட்ட இரும்பும் கலந்த வாடை. அவருடைய சட்டையை ஆஸ்பத்திரியில் மடித்து என் கையில் கொடுத்தபோது அதில் இருந்த வாடை.

"கியர்ல போடுங்கண்ணா!" என்று தாரணி கத்தினாள்.

போட்டான். கியர்ப் பல் கடித்ததே ஒழிய உள்ளே விழவில்லை. "பிரேக்கு பஞ்சு மாதிரி எறங்குதுங்க" என்றான், எல்லோரையும் பொதுவாகப் பார்த்து. மீசை மட்டும் முறுக்கியபடியே இருந்தது.

"போடுடா! எங்க வீட்டுக்காரர் செத்தது இப்படித்தாண்டா!"

கத்தியது நான். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"அப்பத்தா, அந்த லீவர்! இழு! ஒரேயடியா இழுக்காத, கொஞ்சங் கொஞ்சமா!"

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பின்னால் யாரோ ட்ரெய்லரின் சட்டையைப் பிடித்து நிறுத்துவது போல வண்டி விறைத்தது. தள்ளல் நின்றது. வேகம் குறைந்ததும் மூன்றாம் கியர் விழுந்தது. இன்ஜின் அலறியது. இரண்டாவது விழுந்தது. நாற்பத்தைந்தாம் வளைவில், மலையோரச் சாக்கடையில் இடது சக்கரம் இறங்கி, பாறையைச் சுரண்டிக்கொண்டு நின்றோம். எதிர்ப்பக்கம் சுவர் இடுப்பளவு. அதற்கப்பால் மரங்களின் உச்சி தெரிந்தது.

சக்கரத்திலிருந்து புகை வந்தது. தாரணி தண்ணீர் ஊற்ற விடவில்லை, சூட்டில் ஊற்றினால் இரும்பு வெடிக்குமாம். ஒன்றரை மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம்.

ஞானசேகரன் கேட்டான், "ஏனுங்க பெரியம்மா, பட்டறைக்காரன் பிரேக்க சரியாப் பாக்கலன்னுதானுங்க நேத்துச் சொன்னீங்க?"

தாரணி என்னைப் பார்த்தாள். நான் சங்கிலியைப் பார்த்தேன். நன்றாகத்தான் மாட்டியிருந்தாள்.

பிறகு இறங்கினோம். அவள் சொன்ன கியர், அவள் சொன்ன இடத்தில் நிறுத்தம். ஞானசேகரன் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியதும், சாவியை அவள் இடது கையில் கொடுத்துவிட்டு, வந்து நின்ற முதல் பஸ்ஸில் ஏறினான். அது நாமக்கல் போகிற பஸ் இல்லை.

"அந்த லீவரச் செஞ்சது யாருன்னு தெரியுமா அப்பத்தா?" என்றாள் தாரணி.

"தெரியும்" என்றேன். அன்றைக்கே தெரியும்.

தை 20, செவ்வாய்

அர்த்தநாரி பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு வந்தான். என் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான்.

"தாரணி சொன்னா."

"சொல்லட்டும்."

"நான் முன்னாடி சீட்டுல இருந்தேம்மா. பதினோரு வயசு. அப்பா சாவியத் திருப்பி இன்ஜின நிறுத்துனாரு. பறக்கற மாதிரி இருந்துச்சு. நான் கை தட்டினேன்."

முப்பத்தாறு வருஷத்தில் அவன் இதைச் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

"அப்பறம் பிரேக்குக்குக் காத்து இல்லாமப் போச்சு. இன்ஜின் ஓடுனாத்தான அதுல காத்து ஏறும். என்னக் கதவத் தொறந்து தள்ளிவுட்டாரு. நான் புதருல விழுந்தேன். ஆஸ்பத்திரியில போலீஸ்காரர் வந்தப்ப நீ எங்காதுல என்ன சொன்ன?"

அவனே சொன்னான். "'பட்டறையில பிரேக்கு சரியாப் பாக்கலன்னு சொல்லு கண்ணு. அப்பாவ யாரும் ஒன்னுஞ் சொல்லக் கூடாது.' சொன்னேன். அப்படியே சொன்னேன். அதுக்கப்பறம் மாரப்பன் மாமா கடைப்பக்கம் போறப்பல்லாம் நான் மொபெட்ட அந்தச் சந்துல திருப்பிக்குவேன்."

கோழையென்று இவனை எத்தனை முறை சொல்லியிருப்பேன். எண்ண முடியாது.

அவன் சொல்லி முடித்தபிறகு அவனுக்குத் தெரியாத ஒன்றை நான் சொன்னேன். அன்று காலை அவர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "இந்த மாசம் டீசல் பரிசு ராசிபுரத்தானுக்காமே? உங்களுக்கு வயசாயிப்போச்சாட்ட இருக்குது" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நான் எப்போதும் அப்படித்தான் பேசுவேன். அவரும் சிரித்தார். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது.

அர்த்தநாரி கட்டிலை விட்டு எழுந்தான். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுக் கடை திறக்கப் போனான்.

தை 21, புதன்

சின்னப்பொண்ணு போன் செய்தாள். மலையில் எந்தச் செய்தியும் நம்மைவிட வேகமாக ஏறிவிடுகிறது.

"அடுத்த அறுவடைக்கும் வாங்க. சங்கத்துல பேசிட்டோம். ஆனா ரெண்டு கண்டிசன். வண்டிய உங்க பேத்திதான் ஓட்டணும். நீங்க முன்னாடி சீட்டுல உக்காரக் கூடாது."

"பின்ன எங்க உக்கார்றது?"

"பஸ்ஸுல வாங்க" என்றாள்.

தாரணி கையில் கட்டோடு கூடத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள். வேலை நிலைத்துவிட்டது. எனக்கு பஸ்ஸில் வாந்தி வரும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

தை 22, வியாழன்

பிகப்பை மாரப்பன் பட்டறையில் விட வேண்டும் என்று அர்த்தநாரி ஒரு டிரைவரைப் பிடித்துவந்தான். நானும் ஏறிக்கொண்டேன். தாரணி ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த அடக்கம் என்று தெரியவில்லை, எங்கள் வம்சத்தில் கிடையாது.

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் நான் அந்த வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியபோது உள்ளே ஆறு லாரி நின்றது. இன்று இரண்டு டிராக்டர் ட்ரெய்லர், ஒரு தண்ணீர் வண்டி, வெளியே பஞ்சரான ஒரு மொபெட். மாரப்பன் தலை முழுக்க நரைத்து, நடு முதுகு வளைந்திருந்தான். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். பிரேக் கட்டையை விரலால் தொட்டான், கரி ஒட்டியது.

"நியூட்டர்ல வந்திருக்குது. யாரு ஓட்டுனது?" என்று தலையைத் தூக்கியவன் என்னைப் பார்த்தான். கரித் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தான். துடைத்து முடிக்க நேரமானது.

"ஏனுங்க்கா, இந்தத் தடவையும் நாந்தானுங்களா?"

"இல்ல" என்றேன். அப்புறம், "அந்தத் தடவையும் இல்ல" என்றேன்.

"அது எனக்குத் தெரியுமுங்க்கா. எங்கிட்ட வந்து என்னத்துக்குச் சொல்றீங்க?" என்று சொல்லிவிட்டு மறுபடி வண்டிக்கடியில் போய்விட்டான். மன்னிப்பும் கிடையாது, திட்டும் கிடையாது. நான் திட்டுக்குத்தான் தயாராகப் போயிருந்தேன். ஐந்தாறு பதில்கூட வைத்திருந்தேன்.

வாசலில் ஒரு பழைய டயர் கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்தேன். தாரணி உள்ளே அவனுக்கு இடது கையால் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிவாக்கில் ஒரு லாரி வந்து ரோட்டில் நின்றது. முப்பது வயதிருக்கும் பையன் ஒருவன் இறங்கினான். பட்டறையை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"ஏனுங் ஆயா, உங்க வண்டிய இங்கதான் வுட்டிருக்கீங்களா?"

"ஆமா."

"எனக்கும் பிரேக்குதான் பாக்கோணும். வேற பட்டற இன்னைக்குத் தொறக்கல. ஆனா..." குரலைத் தாழ்த்தினான். "எங்கப்பா இந்த வாசல்ல காலே வெக்கமாட்டாருங்க. பழைய பேச்சு ஒன்னு இருக்குது. இவரு பாத்த பிரேக்குல ஒரு டிரைவரு கொல்லிமலையில உருண்டுட்டாராம். அந்த டிரைவரு பொண்டாட்டியே ஊரெல்லாஞ் சொல்லிச்சாம். நீங்களும் பாத்துக்கங்க."

உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது.

"அவ பொய் சொன்னா" என்றேன்.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நாந்தான் அவ."

பையன் ஒரு அடி பின்னால் போனான். என்னைப் பார்த்தான், பட்டறையைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான். "அப்ப வுடலாங்களா?"

"வுடு. உங்கப்பா உசுரோட இருக்காரா?"

"இருக்காருங்க. வூட்ல."

"போன் போடு."

போட்டுக் கொடுத்தான். காதில் வைத்தேன். நாலைந்து மணி அடித்தபின் ஒரு கிழக் குரல் இருமிக்கொண்டே, "யாருங்க?" என்றது.

"செங்கோடன் சம்சாரம் பாவாயி பேசறேனுங்க" என்றேன். "கொஞ்ச நேரம் ஆகும். உக்காந்துக்கங்க."